காரக்கறிக்கு எந்த பீர்? டர்பனில் காய்ச்சியதும் குடித்ததும்

7 அக்டோபர் 2023, தென்னாப்பிரிக்க டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு வாசகர்

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சிறு மதுவடிப்பகங்கள் காய்ச்சும் இந்த கிராஃப்ட் பீர் சமாசாரமெல்லாம் வெறும் பந்தா. நம் வீட்டு ஆட்டுக்கறிக்குச் சில்லென்று ஒரு காசில் (Castle) கம்பெனி லாகரை, அதாவது அந்த வெளிர் பீரை, விட்டால் வேறு எதுவும் ஒத்துவராது. அதிலும் வீட்டில் காய்ச்சுகிறேன் என்று பக்கெட்டும் குழாயுமாக அலைவது சுத்த வேலையற்ற வேலை. மறுப்பு உண்டா?

8 அக்டோபர் 2023

பாதிக்கு மறுப்பு உண்டு.

காசிலோடு எனக்குப் பகை கிடையாது. 1895இல் ஜோஹானஸ்பர்க்கில் தொடங்கிய சரக்கு, இன்றைக்கும் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி. அப்படி ஒரே ருசியில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய பாடு என்று வீட்டில் காய்ச்சிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் ஏதாவது கோளாறு நடந்தால் வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) மூடி மறைத்துவிடும். லாகரில் எல்லாம் அம்மணமாகத் தெரியும்.

ஆனால் "சில்லென்று" என்று சொன்னீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போகும். ருசிப்பது பீரையா ஃப்ரிட்ஜையா? ஒரே கறி, ஒரே மேசை, வேறு வேறு பீர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ஞாயிறு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

15 அக்டோபர் 2023

வைத்தாயிற்று. கறி மாமியார் கைப்பக்குவம்: டர்பன் மசாலா தாராளம், உருளைக்கிழங்கு குழம்பில் ஊறிக் கரையும் பதம், தொட்டுக்கொள்ள ரொட்டி. சோறு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சோறு காரத்தை அமுக்கிவிடும், பீர் செய்கிற வேலை தெரியாது.

மேசையில் காசில், கேப் டவுன் பக்கத்து ஐபிஏ (கசப்புத் தூக்கலான பீர்) ஒன்று, நான் காய்ச்சிய கோதுமை பீர்.

ஐபிஏவைச் சாப்பாட்டுக்கு முன்னால் வாய் வைத்தபோது மூன்றில் அதுதான் முதல். பம்ப்ளிமாஸ் தோல் வாசம், அடியில் மெல்லிய மால்ட் இனிப்பு, கசப்பு நின்று நிதானமாக இறங்கியது. இரண்டு வாய் கறி உள்ளே போனதும் கதை மாறிவிட்டது. ஹாப்ஸ் (பீரில் போடும் ஒரு கொடியின் பூ) கசப்பும் மிளகாய்க் காரமும் கைகோர்த்துக்கொண்டு நாக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்தன, எழுந்திருக்கவே இல்லை. மச்சினர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே "மசாலா இன்றைக்குக் கூடுதலோ?" என்று கேட்டார். மசாலா என்றைக்கும் போலத்தான்.

காசில் முதல் பாதி கிளாஸ் வரை அருமை. குளிர் விட்டதும் நுரை ஊசியாகக் குத்தத் தொடங்கியது. கார்பன் டை ஆக்சைடு எச்சிலில் கரைந்து அமிலமாகி வலி நரம்புகளைத் தூண்டும். மிளகாய் ஏற்கெனவே அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா.

கோதுமை பீரில் கசப்பு மிகக் கம்மி. அதை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் தானாகவே வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் கொடுக்கும். மசாலாவில் கிராம்பு இருக்கிறதே, அதோடு ஒட்டிக்கொண்டது. என் சரக்கு என்பதால் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கடைசிவரை காசிலைத்தான் ஊற்றிக்கொண்டார், அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

15 அக்டோபர் 2023, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: மிளகாயின் காரம் ஆல்கஹாலில் கரையுமே, அப்படியானால் பீர் காரத்தைக் கழுவ வேண்டாமா? கரையும், உண்மை. ஆனால் 5 சதவீத பீரில் மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். கரைக்கிற அளவுக்கு ஆல்கஹால் அதில் இல்லை. உறைக்கிற இடத்தைக் கொஞ்சம் சீண்டிவிடத்தான் அது போதும். 6, 7 சதவீதம் என்று ஏற ஏற எரிச்சல் கூடுமே தவிரக் குறையாது. காரத்தை உண்மையாகவே கழுவுவது பாலிலும் மோரிலும் உள்ள கேசின். அந்தப் போட்டியில் மோர்தான் ஜெயிக்கும். ஆனால் மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு யார் ரக்பி பார்ப்பார்கள்.

29 அக்டோபர் 2023

12-11. ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். நேற்று ராத்திரி என்ன பீர் குடித்தோம் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ருசிக் குறிப்பு எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

11 நவம்பர் 2023

வீட்டில் காய்ச்சுவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

முதலில் சட்டம். விற்காமல் சொந்தக் குடிக்குப் பீர் காய்ச்ச இங்கே தடையில்லை. "காய்ச்சுகிறேன்" என்று தூத்துக்குடியில் இருக்கும் என் அண்ணனிடம் போனில் சொன்னதும் அவன் குரல் தழைந்துவிட்டது. போலீஸ் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டான்.

அடுத்தது வெயில். டர்பனின் பிரச்சினையே இதுதான். ஏல் என்ற, லாகர் அல்லாத சாதாரண பீரின் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை சுகம். நவம்பர் பிறந்தால் என் பின்னறை 28ஐத் தாண்டுகிறது. நொதிக்கும்போது பக்கெட்டுக்குள் சூடு இன்னும் சில டிகிரி ஏறும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டு வேலை செய்து, நெயில் பாலிஷ் வாடையையும் கனத்த ஆல்கஹால்களையும் தள்ளிவிடும். வீட்டு பீர் என்றாலே ஒரு வாடை வரும் என்று பலர் சொல்வது இதைத்தான். வீட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

இரண்டு வழி உண்டு. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் தெர்மோஸ்டாட் மாட்டிப் பக்கெட்டை உள்ளே வைப்பது ஒன்று. லோட்ஷெடிங் மின்வெட்டில் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், ஒன்றும் ஆகாது. 20 லிட்டர் திரவம் இரண்டு மணி நேரத்தில் அப்படியொன்றும் சூடேறிவிடாது. கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்று க்வைக். நார்வேயில் பண்ணை வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காய வைத்துப் பாதுகாத்த ஈஸ்ட். 30, 35 டிகிரியில் குஷியாக நொதிக்கும், நெயில் பாலிஷ் வராது. வோஸ் என்ற ரகத்தில் ஆரஞ்சுத் தோல் வாசம் லேசாக இருக்கும். குளிர் நாட்டு ஈஸ்ட் நம் வெயிலுக்குத் தோதாக அமைந்தது வேடிக்கைதான். இப்போதெல்லாம் என் ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலையும் மீனும்தான் இருக்கின்றன.

ஈஸ்ட் வாங்கும்போது பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். ஒரு கடையில் தேதி தாண்டிய பாக்கெட்டை எனக்குத் தள்ளிவிட்டார்கள். நொதிக்கவே இல்லை. 20 லிட்டர் இனிப்புத் தண்ணீர் தோட்டத்துக்குப் போயிற்று. எறும்புகளுக்குத் திருவிழா.

12 நவம்பர் 2023

நேற்று எழுதாமல் விட்டது: பாட்டில். நொதிப்பு முடியாமல் பாட்டிலில் அடைக்காதீர்கள். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள், எண் அசையக்கூடாது. அதன்பிறகு நுரைக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அவ்வளவுதான். 2020இல் கொரோனாவுக்காக மதுத்தடை போட்டபோது ஊரெல்லாம் அன்னாசி பீர் காய்ச்சினோமே, அப்போது பாட்டில் வெடித்து எத்தனை வீட்டுச் சமையலறைச் சுவரில் அன்னாசி அப்பியது! ஹ்லுஹ்லுவே பக்கத்துக் குட்டி அன்னாசியின் தோல், சர்க்கரை, ஒரு பிடி உலர்திராட்சை, ரொட்டி ஈஸ்ட். மூன்று நாளில் ஆல்கஹால் வந்துவிடும், ருசி வருவதற்கு உத்தரவாதம் இல்லை. மார்ச் 27 முதல் ஜூன் 1 வரை கடை மூடிக் கிடந்த காலத்தில் யாரும் ருசி பார்க்கவும் இல்லை.

17 டிசம்பர் 2023

நேற்று விடுமுறை. சேட்ஸ்வர்த்தில் எங்கள் கொல்லையில் பிராய் (நெருப்பில் இறைச்சி சுடும் விருந்து) போட்டு, காய்ச்சுகிறவர்கள் ஆளுக்கிரண்டு பாட்டில் கொண்டுவந்தார்கள். ருசி பார்க்கும் விதம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அதனால் விரிவாக.

ஊற்றியதும் முகருங்கள். நுரை இறங்குவதற்குள் பாதி வாசம் போய்விடும். பிறகு கிளாஸைக் கையால் அணைத்துக் கொஞ்சம் சூடேற்றி மறுபடி முகருங்கள். ஒளிந்திருப்பதெல்லாம் அப்போது வெளியே வரும். பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் எடுத்துவிட்டார்கள். வெண்ணெய் பாப்கார்ன் வாசம் வந்தாலும் பெரும்பாலும் அதே அவசரம்தான். நனைந்த அட்டை என்றால் காற்று புகுந்திருக்கிறது. வேக வைத்த மக்காச்சோளம் என்றால் கொதிக்கும்போது மூடி போட்டிருக்கிறார்கள். பச்சைப் பாட்டிலை வெயிலில் வைத்தால் ஒரு நாற்றம் வரும், ஹாப்ஸும் வெளிச்சமும் சேர்ந்து செய்வது. அதற்காகத்தான் பழுப்புப் பாட்டில்.

டோங்காட்டிலிருந்து வந்த தம்பி கறிவேப்பிலை போட்ட பேல் ஏல் கொண்டுவந்தான். அரை நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் "வித்தியாசமா இருக்கு" என்றார். நம் ஆட்கள் வித்தியாசமாக இருக்கிறது என்றால் அர்த்தம் என்னவென்று அவனுக்கும் தெரியும். நானே போட்டு உடைத்தேன்: கறிவேப்பிலையைக் கொதியில் போட்டதால் கஷாயமாகிவிட்டது. கடைசியில், ஆறிய பிறகு, இரண்டு கொத்து போட்டு ஒரு நாள் விட்டுப் பார் என்றேன். குறித்துக்கொண்டான்.

நாளின் ஆச்சரியம் மில்க் ஸ்டவுட். அதில் லாக்டோஸ் சேர்ப்பார்கள். பீர் ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது, இனிப்பு அப்படியே தங்கும். நெருப்பில் சுட்ட ஆட்டு விலாவுக்கு அது அமைந்தது போல் எதுவும் அமையவில்லை. அக்டோபரில் கோதுமை பீருக்குக் கொடுத்த முதலிடத்தை இப்போது பங்கு போட வேண்டியிருக்கிறது: குழம்புக்குக் கோதுமை, சுட்டதற்கு இது. காய்ச்ச நேரமில்லாதவர்கள் காசில் மில்க் ஸ்டவுட் வாங்கிப் பாருங்கள். கிராஃப்ட் ஆட்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

14 ஜனவரி 2024

25ஆம் தேதி தைப்பூசம். வீட்டில் காவடி, விரதம் தொடங்கியாயிற்று. அதுவரை பாட்டில் பக்கமே போகப்போவதில்லை, கேள்வி கேட்டுப் பயனில்லை. வெயிலில் எதுவும் வெடிக்காமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

18 பிப்ரவரி 2024

உம்கொம்போதி என்ற ஆப்பிரிக்கச் சோளப் பீர் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பீர் என்றால் பாட்டிலும் ஹாப்ஸும் என்று நாம் பேசிக்கொண்டே போகிறோம், இந்த மண்ணின் பீர் பக்கத்துத் தெருவில் பானையில் பொங்கிக்கொண்டிருக்கிறது.

என்னோடு வேலை செய்தவரின் பாட்டி, நாங்கள் கோகோ என்று கூப்பிடுவோம், டர்பனை ஒட்டிய உம்லாஸியில் இருக்கிறார். பேரன் வீட்டு விசேஷத்துக்கு அவர்தான் காய்ச்சுவார். மக்காச்சோள மாவும் முளைகட்டி அரைத்த சோள மாவும் சமமாக எடுத்து வெந்நீர் ஊற்றி ஓரிரவு புளிக்க விடுகிறார். காலையில் அது குமிழி விட்டுப் புளித்த வாசம் அடிக்கும். அதைக் கெட்டியான கஞ்சியாகக் காய்ச்சி, அகலமாகப் பரப்பி ஆற வைக்கிறார். ஆறியதும் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் கொட்டி, இன்னொரு பங்கு முளைமாவைத் தூவிக் கலக்கி, கம்பளி சுற்றிவிடுகிறார். தெர்மாமீட்டரும் இல்லை, ஹைட்ரோமீட்டரும் இல்லை. மறுநாள் பீப்பாய் வாயருகே ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தார். குச்சி சட்டென்று அணைந்தது. தலையாட்டினார். உள்ளேயிருந்து எழும் கார்பன் டை ஆக்சைடு அணைக்கிறது, அதாவது நொதிப்பு உச்சத்தில் இருக்கிறது, வடிகட்டலாம். என் உபகரணப் பெட்டியை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

ருசி: இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, கலங்கல், கெட்டி. முதலில் மோர்ப் புளிப்பு, பின்னால் தானிய இனிப்பு, முடிவில் லேசான மண் வாசம். கசப்பே கிடையாது. ஆல்கஹால் 3 சதவீதத்தைத் தொட்டால் அதிகம். குளிர வைப்பதில்லை, நுரை குத்துவதில்லை.

குடிக்கிற முறையும் உண்டு. உகாம்பா என்ற கறுத்த மண்பானையில் ஊற்றி வைப்பார்கள். பரிமாறுகிற வீட்டார் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும், இதில் ஒன்றும் கெடுதல் இல்லை என்று. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்து, அதே பானையை இரு கையாலும் வாங்கிக் குடித்து அடுத்தவருக்குத் தருவார்கள். முன்னோருக்கு வீட்டின் உள்பக்கத்தில் ஒரு பங்கு தனியே வைக்கப்படும். நம் வீட்டில் படைத்துவிட்டுத்தானே கை வைப்போம், எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

21 பிப்ரவரி 2024

"அது பீரா, புளித்த கஞ்சிதானே" என்று ஒரு கேலி வந்திருக்கிறது. தானியத்தை முளைகட்டி, அந்த முளையின் நொதியால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட்டால் ஆல்கஹாலாக்கினால் அது பீர். ஹாப்ஸ் ஐரோப்பாவில் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. சோள முளையில் பார்லி முளையைவிடச் சர்க்கரையாக்கும் நொதி குறைவு, அதனால் மாவு முழுக்கக் கரையாமல் மிதக்கிறது. அந்தக் கலங்கலைக் குறை என்று சொன்னால் கோதுமை பீரையும் குறை சொல்லுங்கள்.

கடையில் அட்டைப்பெட்டியில் கிடைப்பதும் உள்ளே நொதித்துக்கொண்டேதான் இருக்கும். காற்றுப் போக மேலே வழி விட்டிருப்பார்கள். படுக்க வைத்தால் ஒழுகும். எங்கள் பக்கி வண்டியின் (பிக்கப்) பின்சீட்டைக் கேட்டால் சொல்லும்.

ஜோஹானஸ்பர்க்கில் ஆப்பிவே நுசானி-மவேலா என்பவர் டோலோகாஸி என்ற பெயரில் பீர் போடுகிறார். மதுவடிப்பில் முறைப்படி தேர்ந்தவர், சோளத்தையும் விடவில்லை. கிடைத்தால் விடாதீர்கள்.

10 மார்ச் 2024

அக்டோபரில் "வேலையற்ற வேலை" என்றாரே ஃபீனிக்ஸ்காரர், அது மனதில் கிடந்தது. இந்த ஊரில் வீட்டில் காய்ச்சுவதற்காகப் பெண்கள் தடியடி வாங்கியிருக்கிறார்கள்.

1908இல், டர்பன் அடங்கிய நேட்டாலில் ஒரு சட்டம் வந்தது. கறுப்பின மக்களுக்கு சோளப் பீர் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சியே தனியுரிமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று. டர்பன் முந்திக்கொண்டது. நகராட்சி பீர் கூடங்களைத் திறந்தார்கள், வீட்டில் காய்ச்சிய பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். கூடங்களின் லாபத்தில் அந்த மக்களையே கட்டிவைக்கும் நிர்வாகத்துக்குச் செலவழித்தார்கள். மற்ற ஊர்கள் இதைப் பார்த்துக் காப்பியடித்தன, டர்பன் முறை என்றே பெயர். 1929இல் கூடங்களைப் புறக்கணித்துப் போராட்டம். 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் பீர் கூடத்துக்குள் புகுந்து ஆண்களை விரட்டி, பீரைக் கீழே கொட்டினார்கள். சம்பளம் அங்கே போய்விடுகிறது, காய்ச்சினால் நம் பீப்பாயைப் போலீஸ் கவிழ்க்கிறது என்பது அவர்கள் கோபம்.

கேட்டோ மேனர் நம்மவர்கள் காய்கறித் தோட்டம் போட்ட இடமும்கூட. அந்தக் கதை வேறு, நீளம், இங்கே வேண்டாம்.

2 ஏப்ரல் 2024

ஈஸ்டருக்கு மிட்லாண்ட்ஸ் போன கொழுந்தன் நாட்டிங்ஹாம் ரோடு மதுவடிப்பகத்தின் பிக்கில்டு பிக் (ஊறப்போட்ட பன்றி என்று அர்த்தம்) என்ற போர்ட்டர், அதாவது கறுப்பு பீர், கொண்டுவந்தார். வறுத்த காப்பி, கொஞ்சம் சாக்லேட், முடிவு வறட்சி. ஆட்டுக்கறியோடு பரவாயில்லை, தனியாகக் குடிக்க நன்று. பெயரைக் கேட்டு மாமியார் பாட்டிலைச் சமையலறைக்குள் விடவில்லை.

11 ஆகஸ்ட் 2024

ஆடிக் கூழ் முடிந்தது. இங்கே மாரியம்மனுக்கு மக்காச்சோள மாவில்தான் கூழ். முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். அண்டா அருகில் நின்று கிண்டும்போது வந்த வாசம், உம்லாஸியில் கோகோவின் பீப்பாயில் முதல்நாள் வந்த அதே வாசம். இரண்டு இடத்திலும் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியாதான் வேலை பார்க்கிறது. அப்போது உதித்த யோசனையைச் செய்து பார்த்துவிட்டேன். (கோயில் கூழில் இருந்து ஒரு கரண்டியும் எடுக்கவில்லை. பீர்ப் பாத்திரம் பூஜைச் சமையல் பக்கம் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம், சரியான சட்டம்.)

10 லிட்டருக்கு: பார்லி பேல் மால்ட் 1 கிலோ, சோள முளைமாவு 400 கிராம். 66 டிகிரி நீரில் ஒரு மணி நேரம். வடித்து, ஒரு கொதி விட்டு, 42 டிகிரிக்கு ஆற்றி, அரைக்காத மால்ட் ஒரு பிடியைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். புளிக்கவைக்கும் பாக்டீரியா தானியத்தின் உமியிலேயே இருக்கிறது. பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி, காற்றுப் படாமல் மூடி, கம்பளி சுற்றி ஒன்றரை நாள். வாந்தி நாற்றம் வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மோர்ப் புளிப்பு வந்ததும் துணியை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, இறக்கும்போது சதர்ன் பேஷன் ஹாப்ஸ் 15 கிராம். முன்னாலேயே ஹாப்ஸ் போட்டால் புளிக்காது, அந்த பாக்டீரியாவுக்கு ஹாப்ஸ் ஆகாது. 35க்கு ஆறியதும் க்வைக். நொதிக்கும்போது எதையும் குளிரவைக்க வேண்டியிருக்கவில்லை.

சதர்ன் பேஷன், ஜார்ஜ் என்ற ஊர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் விளையும் ஹாப்ஸ். கிரனடில்லா (பேஷன் பழம்) வாசமும் கொய்யா வாசமும். அங்கே கோடைப் பகல் ஐரோப்பா அளவுக்கு நீளம் இல்லை என்பதால் குறுகிய பகலுக்கென்றே வளர்த்தெடுத்த ரகங்களில் ஒன்று.

வந்தது 3 சதவீதம், லேசான புளிப்பு, கசப்பு இல்லை, நுரை அடக்கம். மாமியாரின் கறியோடு வைத்தேன். காரம் அப்படியே இருந்தது, எரிச்சல் மட்டும் நாக்கில் தங்காமல் இறங்கிப் போயிற்று, அடுத்த வாய்க்குக் கை தானாகப் போயிற்று. கோதுமை பீர், மில்க் ஸ்டவுட் எல்லாம் இனி இதற்குப் பின்னால்தான். குறை ஒன்று உண்டு: கறி இல்லாமல் தனியாகக் குடித்தால் கொஞ்சம் மொட்டை. அதற்கு ஐபிஏ இருக்கிறது.

12 ஆகஸ்ட் 2024

சதர்ன் பேஷன் எங்கே கிடைக்கும் என்று பலர். வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள், சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. 2017இல் விளைச்சல் குறைந்தபோது, காசில் கம்பெனியை வாங்கிய ஏபி இன்பெவ், அமெரிக்காவின் சிறு மதுவடிப்பாளர்களுக்குக் கொடுக்காமல் தன் தேவைக்கே வைத்துக்கொண்டதில் பெரிய சண்டை நடந்தது. இல்லாவிட்டால் ஹாப்ஸை விட்டுவிட்டு, கடைசியில் கொய்யாக் கூழ் அரை கிலோ போட்டுப் பாருங்கள். கறிவேப்பிலைத் தம்பி அப்படித்தான் செய்யப்போகிறான்.

க்வைக் காய்ந்த செதிலாக என்னிடம் நிறைய இருக்கிறது. வேண்டியவர்கள் சனிக்கிழமை காலை சேட்ஸ்வர்த் பங்களாதேஷ் சந்தையில் மீன் வரிசைப் பக்கம் வாருங்கள். டப்பாவைக் கொதிநீரில் கழுவிக் கொண்டுவர வேண்டும், மசாலா டப்பாவோடு வந்தால் தரமாட்டேன்.